படித்துக்கொண்டிருக்கும்போதே உபகாரச் சம்பளம் தேடலாம்: வாசகர் கேள்வி – பதில்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் நகரிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இம்மாதம் வந்த கடிதங்களுள் நான்கு, உயர்கல்விக்கான பணத்தைப் பற்றியவை. ஒருவருக்குச் சொல்லும் பதிலில் மற்றவருக்கும் பயன்படும் செய்தி இருப்பதால், நான்கையும் இந்த ஓர் இதழிலேயே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணக்கியல் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நான்கு ஆண்டுப் படிப்பு. அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். அம்மா அதே தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். எனக்குப் பின் தம்பிகள் இருவர் படிக்கிறார்கள். எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவ இறுதி) தேர்வில் எல்லாப் பாடங்களிலும் ஏ கிடைக்காததால் உபகாரச் சம்பளத்திற்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை; முதலாண்டில் பி.டி.பி.டி.என். (தேசிய உயர்கல்வி நிதிக் கழகம்) கடன் எடுத்தேன். இப்போது என் பி.என்.ஜி.கே. (ஒட்டுமொத்தச் சராசரிப் புள்ளி) 3.42. எஞ்சிய ஆண்டுகளையாவது கடன் இல்லாமல் முடிக்க வழி உண்டா, அல்லது காலம் கடந்துவிட்டதா?

பதில்: காலம் கடந்துவிடவில்லை. உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது, நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லை என்ற வரிதான். நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர், உபகாரச் சம்பளம் என்பது எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவு வந்த வாரத்தில் பத்திரிகையில் படம் வரும் மாணவர்களுக்கு மட்டுமே உரியது என்று நினைத்து ஒதுங்கிக்கொள்கிறார்கள். உண்மையில், பள்ளி முடித்தவர்களுக்கான உபகாரச் சம்பளம் வேறு, ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கான உபகாரச் சம்பளம் வேறு. இரண்டாவது வகையில் உங்களிடம் கேட்கப்படுவது பழைய பள்ளித் தேர்வு மட்டுமன்று, பல்கலைக்கழகத்தில் இதுவரை பெற்ற புள்ளியும்தான். நாடு முழுவதும் பரவியிருக்கும் அறவாரியங்களுள் பல 3.00 அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட புள்ளியையே குறைந்த அளவாக வைக்கின்றன, சில 3.50 கேட்கின்றன. உங்கள் 3.42 முதல் வகையினரிடம் தயக்கமின்றிக் கொண்டுபோகக்கூடிய புள்ளி. அடுத்த பருவத்தில் சிறிது உயர்ந்தால் இரண்டாவது வகையும் எட்டிவிடும்.

முதலில் உங்கள் கடனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 6,000 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால், நான்கு ஆண்டுகளில் 24,000 வெள்ளி ஆகும். பி.டி.பி.டி.என். இக்கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம் விதிக்கிறது; அக்கட்டணம் எடுத்த மொத்தத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது. 22,000 வெள்ளிக்கு மேல் 50,000 வரையிலான கடனுக்குத் திருப்பிச் செலுத்தும் காலம் 15 ஆண்டுகள். ஆகவே 3,600 வெள்ளி கட்டணமும் சேர்ந்து 27,600 வெள்ளியை 180 மாதங்களுக்கு, மாதம் ஏறக்குறைய 153 வெள்ளியாகச் செலுத்த வேண்டியிருக்கும். மாறாக, முதலாண்டில் எடுத்த 6,000 வெள்ளியோடு நிறுத்திக்கொண்டால், 10,000 வெள்ளிக்கு உட்பட்ட கடன் என்பதால் 5 ஆண்டுகளில் மாதம் 105 வெள்ளியாகச் செலுத்தி முடித்துவிடலாம். ஒரு பெண் தன் முப்பதுகளின் இறுதி வரை சுமப்பதற்கும் இருபதுகளிலேயே இறக்கி வைத்துவிடுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

இதைச் சொல்வதால் நான் பி.டி.பி.டி.என். நிறுவனத்தைக் குறை கூறுவதாக எண்ண வேண்டாம். 1997ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அந்த நிதி இல்லாதிருந்தால் நம் தோட்டங்களிலிருந்து பட்டதாரிகளாக வெளிவந்த பலர் வெளிவந்திருக்க மாட்டார்கள். 1 விழுக்காட்டுக்குக் குறைவாக உங்களுக்கு எந்த வங்கியும் கடன் தரப்போவதும் இல்லை. ஆனால், கொடுக்கும் முழுத் தொகையையும் எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தொகையைக் குறைத்துக் கேட்கலாம். மீதிக் கடன் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். படிக்கும் காலத்திலேயே கையில் கிடைத்ததைத் திருப்பிச் செலுத்தவும் செய்யலாம். முதல் வகுப்பில் பட்டம் பெறுவோருக்குக் கடன் விலக்கு உண்டு என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கான குடும்ப வருமான நிபந்தனைகள் வரவு செலவுத் திட்டத்தோடு மாறி வருவதால், உங்கள் ஒப்பந்தத்திற்கு எது பொருந்தும் என்பதை பி.டி.பி.டி.என். அலுவலகத்திலேயே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தேடும் முறைக்கு வருகிறேன். பெரும்பாலான மாணவர்கள் கைப்பேசியை எடுத்து, நாட்டிலேயே பெரிய நிறுவனங்களின் பெயர்களிலிருந்து தொடங்குகிறார்கள். பல்லாயிரம் பேர் போட்டியிடும் இடத்தில் முதல் விண்ணப்பம் தோற்றவுடன் மனம் விட்டுவிடுகிறார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். உங்களை ஏற்கெனவே அறிந்தவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

உங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் விவகாரப் பிரிவு, அதாவது நீங்கள் எச்.இ.பி. என்று அழைக்கும் அலுவலகம், முதல் வாசல். அங்கே நிதியுதவிக்கென்று தனி மேசை இருக்கும். முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அளித்த அறக்கட்டளைப் பணம், மாணவர் நலநிதி, அவசர உதவி ஆகியவை அங்கிருந்தே பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. வெளி நிறுவனங்களும் தங்கள் உபகாரச் சம்பள அறிவிப்பை முதலில் அந்த அலுவலகத்திற்கே அனுப்புகின்றன. அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், மேசையில் இருப்பவரிடம் உங்கள் துறை, ஆண்டு, புள்ளி, பெற்றோரின் தொழில் நான்கையும் சொல்லி, இவற்றுக்குப் பொருந்தும் நிதி எது என்று கேளுங்கள். உங்கள் புலத்தின் துணை முதல்வரையும் உங்களுக்கென நியமிக்கப்பட்ட கல்வி ஆலோசகரையும் சந்தியுங்கள். பின்னர்ப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர்கள் அவர்கள்தாம், முகம் தெரியாத மாணவிக்கு அவர்களால் நல்ல கடிதம் எழுத முடியாது.

இரண்டாவது வாசல் உங்கள் தோட்டம். அப்பா வேலை செய்யும் தோட்டம் எந்த நிறுவனத்திற்குச் சொந்தமானது என்று நீங்கள் எழுதவில்லை. பெரிய தோட்ட நிறுவனங்கள் பலவற்றுக்கு அறவாரியங்கள் உண்டு. சைம் டார்பி அறவாரியம் 1982ஆம் ஆண்டிலும், ஐ.ஓ.ஐ. குழுமத்தின் டான் ஸ்ரீ லீ ஷின் செங் அறவாரியம் 1994ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டவை. கோலாலம்பூர் கெப்போங் நிறுவனத்திற்கும் கே.எல்.கே. அறவாரியம் என்ற ஒன்று உண்டு. பட்டப்படிப்பு மாணவர்களுக்கு இவை உபகாரச் சம்பளம் அளித்து வருகின்றன. அப்பாவின் தோட்டம் சிறிய நிறுவனத்துடையதாக இருந்தாலும், தோட்ட அலுவலகத்துக்குப் போய்ப் பெரிய கிராணியிடம் (தலைமை எழுத்தரிடம்), தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி ஏதும் உண்டா என்று அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள். இத்தனை ஆண்டுகள் குலை வெட்டியவர், தம் மகளுக்காக ஒரு கேள்வி கேட்பதில் கூசுவதற்கு ஒன்றுமில்லை.

அப்பாவோ அம்மாவோ தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்து, சம்பளத்தில் சந்தா பிடிக்கப்படுகிறதா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். பிடிக்கப்பட்டால், உறுப்பினர் பிள்ளைகளுக்கான கல்வி உதவியைப் பற்றிச் சங்கக் கிளையில் விசாரிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அத்தோடு, பாட்டியின் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நம் ஊரில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் நிர்க்கதியான காலத்தில், 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சுற்று வட்டாரத் தோட்டங்களில் பால் மரம் சீவிய தாத்தா பாட்டிகள் பலர், அதில் சிறுகச் சிறுகக் கட்டிப் பங்கு வாங்கியவர்கள். உறுப்பினர் இறந்த பின் அப்பங்கு எவர் பெயருக்கும் மாற்றப்படாமல் கிடக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அக்கூட்டுறவுச் சங்கம் உறுப்பினர் குடும்பங்களின் கல்விக்கு உதவி வந்துள்ளது. பழைய உறுப்பினர் புத்தகம் கிடைத்தால், பங்கை முறைப்படி மாற்றிக்கொண்டு, கல்வி உதவி பற்றியும் கேளுங்கள். தாத்தா தம் வியர்வையில் வாங்கிய பங்கு அது. அவர் பேத்திக்குப் பயன்படுவதைவிட அதற்கு வேறு என்ன வேலை இருக்க முடியும்?

மூன்றாவது, மாநிலமும் மத்திய அரசும். பேராக்கில் பிறந்தவர் என்ற முறையில் பேராக் அறவாரியத்தின் அறிவிப்புகளைக் கவனியுங்கள். இந்தியச் சமுதாயத்துக்கான உருமாற்றப் பிரிவான மித்ரா, குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கான உதவிகளைச் சில ஆண்டுகளில் அறிவித்திருக்கிறது. அவை வரும்போது விண்ணப்பக் காலம் குறுகியதாக இருக்கும் என்பதால் ஆவணங்கள் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். ஜே.பி.ஏ. எனப்படும் பொதுச் சேவைத் துறையும், உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே படிப்போருக்கென ஒரு நிதியாதரவுத் திட்டத்தை வைத்திருக்கிறது. அது முதலில் கடனாகவே கொடுக்கப்படும். பட்டம் பெற்றபின் அரசாங்கச் சேவையில் குறித்த காலம் பணியாற்றினால் அக்கடன் முழுமையாகத் தள்ளுபடியாகும். இத்தகைய மாற்றத்தக்க கடனை நான் உபகாரச் சம்பளத்துக்கு அடுத்த நிலையில் வைப்பேன். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், எத்தனை ஆண்டுகள், எங்கே பணியாற்ற வேண்டும், புள்ளி குறைந்தால் என்ன ஆகும் என்ற மூன்று இடங்களையும் நிதானமாகப் படியுங்கள்.

மாரா என்னும் அரசு அமைப்பின் நிதியுதவிகள் பூமிபுத்ரா மாணவர்களுக்கானவை என்பதால் அங்கே நேரம் செலவிட வேண்டாம். நான்காவது வாசலாகிய பொது அறவாரியங்கள் எல்லா இனத்தாருக்கும் திறந்தவை. 1970ஆம் ஆண்டு முதல் இயங்கும் குவோக் அறவாரியம், அரசாங்கப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு, ஒரு பகுதியை இனாமாகவும் மறு பகுதியைக் கடனாகவும் சேர்த்து உதவி அளிக்கும் முறையைக் கையாண்டு வருகிறது. 1966ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட துங்கு அப்துல் ரஹ்மான் அறவாரியம், அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு உபகாரச் சம்பளத்தோடு தலைமைத்துவப் பயிற்சியும் தருகிறது. உங்கள் தம்பிகள் பல்கலைக்கழகம் நுழைந்த முதல் ஆண்டிலேயே இதைக் கவனிக்க வேண்டும். கணக்கியல் மாணவி என்பதால் உங்களுக்கு இன்னும் ஓர் அனுகூலம் உண்டு. மத்திய வங்கியின் கிஜாங் உபகாரச் சம்பளத்தில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கென ஒரு பிரிவு இருக்கிறது. பெரிய கணக்காய்வு நிறுவனங்களும், பின்னர்த் தம்மிடம் வேலைக்கு வரக்கூடிய மாணவர்களை இரண்டாம் ஆண்டிலிருந்தே தேடத் தொடங்குகின்றன. அவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வரும் நாளில் வகுப்பறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

இத்தனை வாசல்களில் ஒன்றேனும் முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டால் அது பெரும் பேறு. அப்படி நடக்காவிட்டாலும், பல்கலைக்கழக நலநிதியிலிருந்து ஒரு தொகை, தோட்டத்திலிருந்து ஒரு தொகை, மாநிலத்திலிருந்து ஒருமுறை உதவி என்று மூன்று சிறு தொகைகள் சேர்ந்தால், நீங்கள் எடுக்க வேண்டிய கடன் பாதியாகக் குறைந்துவிடும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொள்வதால், உங்கள் உண்மையான தேவை சாப்பாடு, தங்குமிடம், புத்தகம், பேருந்துக் கட்டணம் ஆகியவைதாம். சிறு உதவிகள் அடைக்கக்கூடிய ஓட்டைகள் இவை. ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். முழு உபகாரச் சம்பளம் கிடைத்தால் பி.டி.பி.டி.என். கடனைத் தொடர்ந்து பெற முடியாது. எந்த உதவி கிடைத்தாலும் இரு தரப்பினருக்கும் தெரிவித்து, அடுத்த தவணையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பிறகு தெரியவந்தால் பணத்தோடு நல்ல பெயரும் போய்விடும்.

நம் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் புள்ளியினால் அல்ல, தாள்களினால்தான். என்னிடம் படித்த மாணவர் ஒருவருக்கு, நேர்காணலில் தேர்ந்தும், அப்பாவின் சம்பளச் சீட்டைக் குறித்த நாளில் கொடுக்க முடியாததால் ஓர் உபகாரச் சம்பளம் கைநழுவியது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. தோட்டத்துச் சம்பளத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விண்ணப்பப் பாரம் வழக்கமாகக் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்கும். பழம் அதிகமாக விளையும் மாதங்களில் உங்கள் அப்பாவின் வருமானம் உயர்ந்திருக்கும். மழை மாதங்களில் தாழ்ந்திருக்கும். உயர்ந்த மூன்று மாதங்களை மட்டும் பார்ப்பவர், உங்கள் குடும்பம் வருமான வரம்பைத் தாண்டிவிட்டது என்று முடிவு செய்துவிடலாம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருப்பதால், இருவரும் வேலை செய்யும் தோட்டக் குடும்பத்தின் மாத வருமானம் 3,400 வெள்ளியிலிருந்தே தொடங்குகிறது. அதற்கு மேல் ஊக்கத்தொகை சேரும்போது வரம்பு நெருங்கிவிடுகிறது. ஆகவே சம்பளச் சீட்டோடு இ.ஏ. பாரத்தையும் இணையுங்கள். ஆண்டு முழுவதும் கிடைத்த வருமானத்தைக் காட்டும் அப்பாரத்தை ஒவ்வொரு முதலாளியும் பிப்ரவரி மாத இறுதிக்குள் தொழிலாளிக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். பலர் அதை வாங்குவதே இல்லை, வாங்கியவர்கள் பத்திரப்படுத்துவதில்லை. ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவதே உங்கள் குடும்பத்தின் உண்மையான மாத வருமானம்.

பெற்றோரின் அடையாள அட்டை நகல், உங்கள் பிறப்புச் சான்றிதழ், தம்பிகளின் பள்ளி உறுதிக் கடிதம், பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம், ஒவ்வொரு பருவத்தின் தேர்வு முடிவு, வங்கிக் கணக்கின் முதல் பக்கம் ஆகியவற்றை உறுதிப்படுத்திய நகல்களோடு ஓர் உறையில் வைத்திருங்கள். அவற்றின் படங்களைக் கைப்பேசியிலும் சேமியுங்கள். குடும்பம் வறுமைக் கோட்டுக்கு அருகில் இருக்குமானால், கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தில் இ-காசே பதிவு பற்றியும் கேளுங்கள். தேசிய வறுமைத் தரவுத்தளமாகிய அதில் பெயர் இருப்பது பல உதவிகளுக்கு வழி திறக்கும்.

விண்ணப்பக் கட்டுரை பற்றியும் சொல்லியாக வேண்டும். நம்மவர்கள் இரு வகையாகத் தவறுகிறார்கள். சிலர் வீட்டு நிலையை எழுத வெட்கப்பட்டு, பொதுவான நல்ல வார்த்தைகளால் பக்கத்தை நிரப்புகிறார்கள். வேறு சிலர், படிப்பவர் கண்ணீர் விட வேண்டும் என்பதுபோல் வறுமையை மட்டும் வருணிக்கிறார்கள். இரண்டுமே படிப்பவருக்கு உங்களைக் காட்டுவதில்லை. கணக்கைக் காட்டுங்கள். ஒரு பருவத்துக்கு எவ்வளவு செலவாகிறது, வீட்டிலிருந்து எவ்வளவு வருகிறது, விடுமுறையில் நீங்கள் எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள், எவ்வளவு குறைகிறது, இந்த உதவி எந்தக் குறையை அடைக்கும் என்று எழுதுங்கள்; கணக்கியல் மாணவியிடமிருந்து அதைவிடப் பொருத்தமான கட்டுரை இருக்க முடியாது. பிறகு, நீங்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். கோயில் திருவிழாக் கணக்கை ஓராண்டு எழுதியிருந்தாலும், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கணிதம் சொல்லிக் கொடுத்திருந்தாலும் அது போதும். எத்தனை பேர், எத்தனை மாதம், என்ன பயன் விளைந்தது என்பதோடு எழுதுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிய கட்டுரையை அந்த மொழி நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பருவத் தேர்வு முடிவு வந்தவுடனும் ஒரு நாளை இதற்கென ஒதுக்கி, புதிய புள்ளியோடு மீண்டும் விண்ணப்பியுங்கள். சென்ற ஆண்டு மறுத்தவர்களிடமும் விண்ணப்பிக்கலாம். அவர்கள் பார்க்கப்போவது இவ்வாண்டு முடிவைத்தான்.

கேள்வி: எனக்கு வயது 20. தனியார் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பா இரண்டு ஆண்டுகளுக்கு முன் நோயினால் இறந்துவிட்டார். சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திலிருந்து அம்மாவுக்கும் எனக்கும் மாதந்தோறும் பணம் வருகிறது. எனக்கு 21 வயது ஆனதும் என் பங்கு நின்றுவிடும், பிறகு கடன்தான் எடுக்க வேண்டும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நான் பட்டப்படிப்பின் முதலாண்டில் இருக்கிறேன்.

பதில்: உங்கள் உறவினர்கள் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்குக் கிடைப்பது பிழைத்திருப்போர் ஓய்வூதியம். அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கும், ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் உரியது. பிள்ளையின் பங்கு பொதுவாக 21 வயது வரை அல்லது திருமணம் வரை என்பது உண்மை. ஆனால் அப்பிள்ளை உயர்கல்வி நிலையத்தில் படித்துக்கொண்டிருந்தால், முதல் பட்டப்படிப்பை முடிக்கும் வரை அது தொடரும்.

அது தானாகத் தொடரும் என்று காத்திருக்க வேண்டாம். பிறந்தநாளுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர் உறுதிக் கடிதம் ஒன்றைப் பெற்று, அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் ஒரு நகலை வாங்கி வையுங்கள். சொக்சோவிடம் வாரிசுகளுக்கான கல்விக் கடன் திட்டமும் இருக்கிறது. ஆனால் அது கடன். ஓய்வூதியம் உங்கள் அப்பா செலுத்திய சந்தாவினால் வந்த உரிமை. அந்த உரிமையை முழுமையாகப் பெற்று, மேலே முதல் மாணவிக்குச் சொன்ன வாசல்களையும் தட்டிப் பார்த்த பிறகே கடனை நினையுங்கள். உபகாரச் சம்பள விண்ணப்பங்களில் அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் ஓய்வூதியத் தொகையைக் காட்டும் கடிதத்தையும் இணைத்து, குடும்ப வருமானமாக அத்தொகையையே குறிப்பிடுங்கள்.

கேள்வி: என் மகன் தனியார் கல்லூரி ஒன்றில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நான் சிலாங்கூருக்கு அடிக்கடி போய்வரும் லாரி ஓட்டுநர். கட்டணம் என் சக்திக்கு மீறிவிட்டது. இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுக்கலாமா? எம்.ஐ.இ.டி. உதவி கிடைக்குமா? நண்பர் ஒருவர் வட்டிக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உரிமம் இல்லாதவரிடம் வட்டிக்கு வாங்கவே வேண்டாம். மகனின் படிப்புக்காக வாங்கிய ஆலோங் கடன், அவன் படிப்பையே முதலில் நிறுத்திவிடும்.

ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக் கட்டணத்துக்காகப் பணம் எடுக்க அனுமதி உண்டு. 2024 மே 11 முதல் சேமநிதிக் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கல்விக்காக எடுப்பது அவற்றுள் செஜாத்ரா கணக்கிலிருந்து. கடன் இல்லை, வட்டி இல்லை என்பது இதன் நன்மை. ஆனால் ஓட்டுநர் வேலை உடல் உள்ளவரைதான். அந்தப் பணம் உங்கள் முதுமைக்குரியது. இந்தக் காரணத்தால், முழுக் கட்டணத்தையும் அதிலிருந்து எடுக்காமல், மற்ற வழிகள் முடிந்தபின் எஞ்சும் துண்டுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து.

1984ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எம்.ஐ.இ.டி., கெடாவிலுள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தை நடத்தும் அமைப்பு; இந்திய மாணவர்களுக்கு அது கல்விக் கடன் அளித்து வந்திருக்கிறது. அதையும் கடன் என்ற கணக்கிலேயே வையுங்கள். பிணையாளர் யார் என்பதையும் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பிணைக் கையெழுத்திட்டவர் தம் சம்பளத்தில் கட்ட நேரிட்ட குடும்பங்களில் உறவே முறிந்ததைக் கண்டிருக்கிறேன்.

உங்கள் மகன் உடனே செய்ய வேண்டியது, கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குத் தன் தேர்வு முடிவுகளோடு செல்வது. தனியார் கல்லூரிகளில் பல, புதிய மாணவர்களுக்கு மட்டுமல்லாமல், நல்ல புள்ளி எடுக்கும் நடப்பு மாணவர்களுக்கும் கட்டணக் கழிவு தருகின்றன. அது விளம்பரத்தில் வருவதில்லை, கேட்பவருக்கே கிடைக்கிறது. கட்டணத்தைத் தவணையாகச் செலுத்த எழுத்தில் அனுமதி கேட்கலாம். அது எதுவும் நடக்காவிட்டால், இதுவரை பெற்ற பாடப் புள்ளிகளை ஏற்றுக்கொள்ளும் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மாற முடியுமா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். ஒரு பருவம் பின்தங்கினாலும், எஞ்சிய ஆண்டுகளின் கட்டண வேறுபாடு அந்த இழப்பைவிடப் பெரிது. நீங்கள் சிலாங்கூருக்கு அடிக்கடி லாரி ஓட்டுவதாக எழுதியிருந்தீர்கள். அங்குள்ள உறவினர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் உயர்கல்விக் கட்டணத்துக்கென்றே அந்த மாநில அரசு ஓர் உதவித் திட்டத்தை நடத்தி வந்திருக்கிறது. தகுதி இருந்தும் தெரியாமல் விட்டவர்கள் அங்கும் உண்டு.

கேள்வி: உபகாரச் சம்பளம் உறுதியாக வாங்கித் தருவதாகக் கூறி ஒருவர் வாட்ஸ்அப்பில் தொடர்பு கொண்டார். பதிவுக் கட்டணம் 350 வெள்ளி கேட்கிறார். என் வங்கிக் கணக்கு எண்ணையும் கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணையும் அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். நேர்மையான அறவாரியம் எதுவும், பணம் கட்டினால் உபகாரச் சம்பளம் உறுதி என்று சொல்லாது. கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணை வங்கி அதிகாரியே கேட்டாலும் கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 997 என்ற எண்ணில் தேசிய மோசடித் தடுப்பு மையத்தை அழையுங்கள். உங்கள் வங்கியையும் அழையுங்கள். பின்னர்க் காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். அவர் குறிப்பிட்ட அறவாரியம் உண்மையிலேயே இருக்குமானால், அதன் அலுவலகத்தை நீங்களே தொலைபேசியில் அழைத்து, இவ்வாண்டு விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்று கேட்டு அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.